வீட்டு நீச்சல் குளம்: வீட்டுச் சுவரையும் மதிலையும் வேலியாகக் கணக்கில் எடுக்கலாமா?

குளத்தங்கரை கேட்டது:

நிலத்துக்குள் இறக்கிக் கட்டும் குளம். நீளம் 8 மீ., அகலம் 4 மீ., ஆழம் 1.1 மீ. முதல் 1.5 மீ. வரை. கான்கிரீட் வேலை முடிந்து டைல்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் இன்னும் விடவில்லை. வீட்டில் 2 வயதிலும் 5 வயதிலும் குழந்தைகள் உண்டு.

இப்போதைக்கு யோசித்திருப்பது இதுதான். ஒரு நீளப் பக்கத்தில் வீட்டுச் சுவர் இருக்கிறது, குள விளிம்பிலிருந்து 3 மீ. தள்ளி. அந்தச் சுவரில் ஒரு ஸ்லைடிங் கதவும் ஒரு ஜன்னலும் உண்டு. எதிர்ப்புறம் 1.5 மீ. உயர மதில். மீதி இரண்டு குறுகிய பக்கங்களுக்கு மட்டும் 1.2 மீ. உயரத்தில் ஸ்டீல் வேலி. வெல்டிங் பட்டறையில் காட்டிய டிசைனில் தூண்களுக்கு நடுவே 5 குறுக்குக் குழாய்கள் வருகின்றன. வேலி வரும் இடத்தில் ஒரு மூலையில் 40 செ.மீ. உயரச் செங்கல் பூப்பாத்தி இருக்கிறது.

1. வீட்டுச் சுவரும் மதிலும் இருக்கும்போது இரண்டு பக்க வேலி போதுமா?
2. 1.2 மீ. உயரம் போதுமா?
3. கேட்டுக்கு எந்த மாதிரித் தாழ்ப்பாள்?
4. குமிழ் ஷீட் போட்டு மூடி வைத்தால் வேலியைத் தள்ளிப்போடலாமா?

---

நீர்க்காவல்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. போதாது. நான்கு பக்கமும் தனி வேலி வேண்டும்.

காரணம் எளிது. உங்கள் குளத்துக்கு மிகப் பெரிய ஆபத்தில் இருப்பவர் தெருவில் போகும் குழந்தை அல்ல, வீட்டுக்குள் இருக்கும் 2 வயதுக் குழந்தை. அந்தக் குழந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவே உங்கள் திட்டத்தில் இருப்பது ஒரு ஸ்லைடிங் கதவு மட்டும்தான். அந்தக் கதவு வீட்டுப் புழக்கத்துக்கானது. துணி காயப்போட, காற்று வர, நாயை வெளியே விட என்று ஒரு நாளைக்கு இருபது முறை திறக்கும், தானாக மூடாது. அதைத் தடுப்பு என்று கணக்கில் எடுத்தால், தடுப்பு நாளில் பாதி நேரம் திறந்தே கிடக்கும்.

இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் மதிப்பாய்வு (கோக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) 1998-இல் வந்தது. வீட்டுச் சுவர் ஒரு பக்கமாக அமைந்த வேலியோடு, குளத்தை மட்டும் தனியாகச் சூழ்ந்த வேலியை ஒப்பிட்டபோது, குழந்தை மூழ்கும் வாய்ப்பின் விகிதம் 0.17 என்று வந்தது. ஏறக்குறைய ஆறில் ஒன்று. இரண்டுமே வேலிதான். வித்தியாசம் அந்த நான்காவது பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1990 ஆகஸ்டுக்குப் பிறகு கட்டிய வெளிக்குளங்களுக்கு, வீட்டுக் கதவு நேரே குளத்துக்குத் திறக்கும் அமைப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. அமெரிக்க வழிகாட்டுதல் வீட்டுச் சுவரை ஒரு பக்கமாக ஏற்கிறது, ஆனால் அந்தச் சுவரின் ஒவ்வொரு கதவுக்கும் அலாரம் கேட்கிறது, அல்லது குளத்துக்கு மோட்டாரால் இயங்கும் பாதுகாப்பு மூடி கேட்கிறது. சட்டம் எங்கே எதை அனுமதிக்கிறது என்பது ஒன்று. உங்கள் வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது என்பது வேறு. இரண்டாவதை வைத்து முடிவெடுங்கள்.

மதிலும் அப்படித்தான். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. அடுத்த வீட்டார் மதிலை ஒட்டிச் செங்கல் அடுக்கினால், தண்ணீர் டிரம் வைத்தால், 1.5 மீ. என்பது 80 செ.மீ. ஆகிவிடும். எல்லைச் சுவரையே தடுப்பாக வைக்க வேண்டுமானால் ஆஸ்திரேலியத் தரம் (ஏஎஸ் 1926.1) உங்கள் பக்கத்திலிருந்து அளந்து 1.8 மீ. கேட்கிறது. அந்தச் சுவரின் உட்பக்கத்தில் மேலிருந்து 90 செ.மீ.க்குள் கால் வைக்க எதுவும் இருக்கக்கூடாது.

குளத்தைச் சுற்றி 1.5 மீ. விட்டு வேலி போட்டால் 11 × 7 மீ. செவ்வகம் வரும், மொத்தம் 36 மீ. வீட்டுப் பக்கம் 1.5 மீ. நடைபாதை மிஞ்சும். ஸ்லைடிங் கதவு அந்த நடைபாதைக்குத் திறக்கும், குளத்துக்கு அல்ல. ஜன்னல் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

---

இரும்புப்பட்டறை:

அந்த 5 குறுக்குக் குழாய் டிசைனை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அது வேலி அல்ல, ஏணி. 25 செ.மீ.க்கு ஒரு படி, 2 வயதுக் குழந்தைக்குச் சரியான அளவு. பட்டறைகளில் பால்கனி கைப்பிடிக்கு வைத்திருக்கும் டிசைனையே குளத்துக்கும் காட்டுவார்கள். நெடுக்குக் கம்பிதான் வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

குறுக்குச் சட்டம் இரண்டே இரண்டு இருக்கட்டும், அடியில் ஒன்று, மேலே ஒன்று. அடிச் சட்டத்தின் மேல்முகத்திலிருந்து மேல்சட்டத்தின் மேல்முகம் வரை 1143 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நெடுக்குக் கம்பிகளுக்கு நடுவே 100 மி.மீ. வரை இடைவெளி விடலாம் என்பது அமெரிக்கக் கணக்கு. அதைவிட நெருங்கினால் சட்டங்கள் குளத்துப் பக்கம் இருக்க வேண்டும், கம்பி இடைவெளியும் 44 மி.மீ.க்குக் குறைய வேண்டும். ஆஸ்திரேலியத் தரத்தில் சட்டங்களுக்கு நடுவே 900 மி.மீ. போதும். கருத்து ஒன்றுதான்: அடிச் சட்டத்தில் கால் வைத்து நின்றால் மேல்சட்டத்தின் மேல் வயிறு வரக்கூடாது. வயிறு வந்தால் குழந்தை உருண்டு அந்தப் பக்கம் போய்விடும்.

100 மி.மீ. என்பது கம்பிக்குக் கம்பி வெற்றிடம். பட்டறையில் மையத்துக்கு மையம் அளப்பார்கள், இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சரியாக 100 வைக்கவும் வேண்டாம். மெல்லிய கம்பி கையால் இழுத்தால் வளையும், 100 என்பது 115 ஆகும். குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மட்டும் மாட்டுவது இந்த அளவில்தான். வெற்றிடம் 85 முதல் 90 வைத்துக்கொள்ளுங்கள். 2.4 மீ. பேனலுக்கு 16 மி.மீ. கம்பி 22 போட்டால் 23 இடைவெளிகள் வரும், ஒவ்வொன்றும் 89 மி.மீ.

உயரம்: 1.2 மீ. என்பது குறைந்தபட்சம். அமெரிக்க வழிகாட்டுதலில் 48 அங்குலம், அதாவது 1219 மி.மீ. அளப்பது வேலியின் வெளிப்பக்கத் தரையிலிருந்து. வெளியே தரை மேடாக இருந்து உட்புறம் பள்ளமாக இருந்தால் உட்புற அளவு எவ்வளவு காட்டினாலும் பயனில்லை. 1.35 மீ. வைத்தால் செலவு அதிகம் ஏறாது. பிற்காலத்தில் நடைபாதைக்கு டைல்ஸ் போட்டு 5 செ.மீ. தரை உயர்ந்தாலும் உயரம் பற்றாமல் போகாது.

பூப்பாத்தி: இதுதான் உங்கள் திட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. 40 செ.மீ. பாத்தியின் மேல் ஏறி நின்றால் 1.2 மீ. வேலி அங்கே 80 செ.மீ. வேலியின் வெளிப்பக்கம் 90 செ.மீ. தூரத்துக்கு ஏறி நிற்க எதுவும் இருக்கக்கூடாது: பாத்தி, ஏசி வெளி யூனிட், மோட்டார் பெட்டி, கல் பெஞ்சு, தொட்டி, தாழ்ந்த மரக்கிளை. வேலியின் வெளிமுகத்திலேயே 10 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் கால் பிடிக்கும் இடம்தான். மூன்று வழிகள் உண்டு. பாத்தியை இடிக்கலாம். வேலியை வளைத்துப் பாத்தியைக் குளத்துப் பக்கம் விடலாம். இல்லையென்றால் வேலியைப் பாத்தியிலிருந்து 90 செ.மீ. தள்ளி நிறுத்தலாம். இடிப்பதுதான் மலிவு.

அடியில் இடைவெளி: கான்கிரீட் அல்லது டைல்ஸ் தரை என்றால் 100 மி.மீ. வரை. மண், புல், ஜல்லி என்றால் 50 மி.மீ.தான். மண் மழையில் அரிக்கும், நாய் தோண்டும். மண் தரை ஓடும் நீளம் முழுக்க 150 மி.மீ. அகலக் கான்கிரீட் பட்டை ஒன்று போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

தூண்: 50 × 50 சதுரக் குழாய். குழி 250 மி.மீ. விட்டம், 600 ஆழம். ஒரு குழிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் கான்கிரீட். கேட்டின் இரு தூண்களுக்கு மட்டும் 300 விட்டம், 750 ஆழம், ஒவ்வொன்றுக்கும் 53 லிட்டர். குழி தோண்டும் முன் குளத்துக் குழாய்கள் எந்த வழியாக மோட்டாருக்குப் போகின்றன என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலித் தூணுக்குக் குழி வெட்டி பிவிசி குழாயை உடைப்பது அடிக்கடி நடக்கும். அது தண்ணீர் விட்ட பிறகுதான் தெரியும்.

---

குளத்தங்கரை:

நன்றி. குறுக்குக் குழாய் டிசைனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நான்கு பக்கத்தில் ஒரே ஒரு தயக்கம். வீட்டுப் பக்க 11 மீ. வேலிக்குப் பதிலாக ஸ்லைடிங் கதவுக்கு நல்ல அலாரமும், மேலே உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் வைத்தால் அதே பாதுகாப்பு வராதா?

---

நீர்க்காவல்:

வராது. அலாரம் தடுக்காது, சொல்லும். அவ்வளவுதான்.

அமெரிக்கத் தேவையில் கதவு அலாரம் எப்படி இருக்க வேண்டும் என்று பாருங்கள். கதவு திறந்து 7 விநாடிக்குள் ஒலிக்க வேண்டும், 3 மீ. தூரத்தில் குறைந்தது 85 டெசிபல், குறைந்தது 30 விநாடி தொடர வேண்டும். பெரியவர்கள் கடக்கும்போது நிறுத்தும் பொத்தான் தரையிலிருந்து 1.37 மீ. உயரத்தில் இருக்கும், அது ஒரு முறை திறப்பதற்கு மட்டும், அதிகபட்சம் 15 விநாடிதான் ஓய்வு கொடுக்கும். இதையெல்லாம் சரியாகச் செய்யும் அலாரம், ஒரு நாளைக்கு இருபது முறை திறக்கும் கதவில் ஒரு வாரம் கத்தினால் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அலாரத்தை நம்பிய வீடுகளில் தோற்பது பெரும்பாலும் கருவி அல்ல, அதைச் சகித்துக்கொள்ள முடியாத மனிதர்கள்.

இன்னொன்று. ஸ்லைடிங் கதவின் கண்ணாடியைத் திறந்து கொசுவலையை மட்டும் மூடி வைக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. சென்சார் கண்ணாடியில் மட்டும் இருந்தால், வலையை நகர்த்திக்கொண்டு வெளியேறும் குழந்தைக்கு எந்த ஒலியும் எழாது. வலைக்கும் தனி சென்சார் வேண்டும்.

உயரத் தாழ்ப்பாளைப் பெரியவர் ஒவ்வொரு முறையும் நினைத்துப் போட வேண்டும். தானாக விழும் தாழ்ப்பாள்தான் தடுப்பு, நினைவு வைத்துப் போடும் தாழ்ப்பாள் பழக்கம். அது ஒரு நாள் தவறும்.

வேலி போட்ட பிறகு கதவு அலாரமும் வையுங்கள், அது நல்ல இரண்டாம் அடுக்கு. நடைபாதைக்குக் குழந்தை போனதை அது சொல்லும், வேலி அதற்குள் நேரம் வாங்கித் தரும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அர்த்தம்.

---

ரசமட்டம்:

கேட் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. வேலி 36 மீ. இருந்தாலும் பழுதாவது அந்த 1 மீ.தான். விரிவாகவே சொல்கிறேன்.

திறக்கும் திசை. குளத்துக்கு வெளிப்பக்கமாக, அதாவது உங்களை நோக்கி இழுத்துத் திறக்கும்படி. தாழ்ப்பாள் என்றோ ஒரு நாள் சரியாக விழாமல் நின்றால், குழந்தை கேட்டைத் தள்ளும். வெளிப்பக்கம் திறக்கும் கேட் அந்தத் தள்ளலில் மூடிக்கொள்ளும். உள்பக்கம் திறப்பது குழந்தையை நேரே தண்ணீருக்கு அழைத்துப் போகும்.

கீல். தானாக மூடும் ஸ்பிரிங் கீல், ஸ்பிரிங் விறைப்பை ஸ்க்ரூடிரைவரால் கூட்டிக் குறைக்கும் வகை. சாதாரணக் கீலோடு ஒரு ஸ்பிரிங்கை வெளியே மாட்டுவது வேண்டாம், சில மாதத்தில் தளர்ந்துவிடும், ஸ்பிரிங்கே கால் வைக்கும் படியாகவும் ஆகும். கீல் இரண்டையும் தாங்கும் எடைக்குப் பொருத்தமாக எடுங்கள். கேட்டைப் பட்டறையில் எடை போட்டுவிட்டுக் கீல் வாங்குவது நல்லது. பட்டறைக்காரர் கேட் ஆடாமல் இருக்கட்டும் என்று நடுவில் குறுக்கே ஒரு சாய்வுச் சட்டம் வைத்து வெல்டிங் செய்துவிடுவார். அதுவும் படிதான், வேண்டாம். நான்கு மூலையையும் முழுக்க வெல்டிங் செய்தால் 1 மீ. கேட்டுக்குப் போதும்.

தாழ்ப்பாள். மேலே குமிழை இழுத்தால் திறக்கும் காந்தத் தாழ்ப்பாள். குமிழ் வெளித்தரையிலிருந்து 1.5 மீ. உயரத்தில். வேலி 1.2 மீ. என்றால் தாழ்ப்பாளின் தூண் மட்டும் அதற்கு மேல் நீண்டு நிற்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். அமெரிக்க அளவில் 54 அங்குலம், 1372 மி.மீ. அதைவிடத் தாழ வைக்க நேர்ந்தால் கேட்டின் குளத்துப் பக்கம், மேல்விளிம்பிலிருந்து 75 மி.மீ.க்குக் கீழே வைத்து, சுற்றிலும் 450 மி.மீ. தூரத்துக்கு 13 மி.மீ.க்கு மேல் ஓட்டை எதுவும் இல்லாமல் தகடு அடைக்க வேண்டும். வெளியிலிருந்து கை விட்டுத் திறக்க முடியாமல் இருப்பதற்காக. காந்தத் தாழ்ப்பாளில் இந்தச் சிக்கல் கிடையாது, அதையே எடுங்கள். புவியீர்ப்பில் விழும் கொண்டி வகை வேண்டாம். கேட் 5 மி.மீ. இறங்கினாலே கொண்டி ஓட்டையைத் தவறவிடும்.

சோதனை. மூன்று நிலைகளிலிருந்து விட்டுப் பாருங்கள். முழுக்கத் திறந்து விடுங்கள். பாதி திறந்து விடுங்கள். பிறகு கேட்டைத் தாழ்ப்பாளின்மேல் மெல்லச் சாய்த்து வைத்து, கையை எடுங்கள். முதல் இரண்டிலும் கேட்டுக்கு வேகம் இருக்கும், கிட்டத்தட்ட எல்லாக் கேட்டும் தேறிவிடும். மூன்றாவதில் வேகமே இல்லை, ஸ்பிரிங் மட்டும்தான் இழுக்க வேண்டும். தோற்கும் கேட் பெரும்பாலும் அங்கேதான் தோற்கும். கையை எடுத்ததும் தானாக இழுத்து "டக்" என்று விழ வேண்டும். விழவில்லையென்றால் கீலின் விறைப்பை ஒரு படி கூட்டுங்கள். அப்போதும் விழவில்லையென்றால் தூண் நேராக நிற்கிறதா என்று தூக்குக் குண்டு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் தூண் சாய்ந்திருக்கும்.

தூண் சாயக் காரணம் பெரும்பாலும் அவசரம். குழியில் கான்கிரீட் போட்ட மறுநாளே கேட் மாட்டுவார்கள். குறைந்தது 7 நாள் விடுங்கள். மற்ற பேனல்களை முதலில் மாட்டி முடியுங்கள், கேட் கடைசி. இன்னொரு காரணம், கேட் தூணை மூலைத் தூணாகவே வைப்பது. மூலையில் இரண்டு பக்கப் பேனலும் இழுக்கும், கேட்டும் இழுக்கும்.

கேட் மாட்டியதும் அதன் அடி இடைவெளியைத் திறந்த நிலையிலும் அளந்து பாருங்கள். வெளித்தரை மேல்நோக்கிச் சரிந்திருந்தால் கேட் பாதியில் தரையில் உரசி நின்றுவிடும், தானாக மூடாது.

---

இரும்புப்பட்டறை:

ரசமட்டம் சொன்னதில் கேட் தூண் விஷயம் நூறு சதவீதம். மூலையிலிருந்து ஒரு சின்னத் துண்டாவது தள்ளி வையுங்கள்.

---

கடலோரம்:

கண்ணாடி வேலியையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். கால் வைக்க இடமே இல்லாத வகை அது. வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் முழுக்கத் தெரியும் என்பது பெரிய நன்மை. 12 மி.மீ. டெம்பர்டு கண்ணாடி, 1.2 மீ. உயரம், தரையில் பொருத்திய ஸ்டீல் பிடிகளில் நிற்கும். கண்ணாடிக்குக் கண்ணாடி சில செ.மீ. இடைவெளியே போதும்.

இரண்டு விஷயத்தில் ஏமாற வேண்டாம். ஒன்று, வெப்பத்தில் ஊற வைத்துச் சோதித்த கண்ணாடி கேளுங்கள். டெம்பர்டு கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால் மாதங்கள் கழித்து யாரும் தொடாமலே வெடித்துச் சிதறும். ஒரு கண்ணாடி போனால் அன்றைக்கு அந்த இடத்தில் வேலியே இல்லை என்று பொருள். இரண்டு, பிடிகளின் உலோகம். உப்பு குளோரினேட்டர் (உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி) வைக்கப்போகிறீர்கள் என்றால் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சீக்கிரம் கறை படிந்து துரு ஏறும், 316-உம் கழுவித் துடைக்காமல் விட்டால் தேநீர் நிறத்தில் கறை பிடிக்கும். 2205 டூப்ளெக்ஸ் ஸ்டீல் நின்று பிடிக்கும்.

போல்ட்டுகள் டைலில் மட்டும் பிடித்து நிற்கக்கூடாது, டைலுக்குக் கீழே உள்ள கான்கிரீட்டில் இறங்க வேண்டும். டைல்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் பிடி வரும் இடங்களை இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

கழற்றி மாட்டும் வலை வேலி பற்றியும் சிலர் சொல்வார்கள். தரையில் துளை போட்டுக் கம்பம் செருகி, நடுவே இறுக்கமான வலை. ஏறுவதற்குக் கடினம், அது உண்மை. ஆனால் பலர் ஒரு பேனலைக் கொக்கி கழற்றித் திறந்து போவார்கள், அது தானாக மூடாது. தானாக மூடும் கேட்டோடு வரும் மாதிரியை மட்டும் பாருங்கள். "விருந்தினர் வருகிறார்கள், இரண்டு நாள் கழற்றி வைப்போம்" என்று நினைக்க முடிகிற வேலியைச் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

---

மின்னிணைப்பு:

உலோக வேலி போடப்போகிறீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. அமெரிக்க மின்விதியில் (பிரிவு 680.26) குளத்தின் உட்சுவரிலிருந்து கிடையாக 1.5 மீ.க்குள் வரும் நிலையான உலோகப் பாகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று மின்னிணைப்பில் இருக்க வேண்டும். உங்கள் வேலி சரியாக 1.5 மீ. எல்லையில் வருகிறது. தூண் 5 செ.மீ. உள்ளே நகர்ந்தாலே விதிக்குள் வந்துவிடும். எனவே இணைத்துவிடுங்கள்: 8.4 சதுர மி.மீ. ஒற்றை இழைச் செம்புக் கம்பி, குளத்துக் கான்கிரீட்டின் உள்கம்பி, மோட்டார், ஏணி எல்லாவற்றையும் தொடும் அதே இணைப்பில் வேலியும்.

இது எர்த் அடிப்பதற்கு மாற்று அல்ல, அது தனி. ஈரக் காலோடு ஒரு கை தண்ணீரிலும் ஒரு கை வேலியிலும் இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் வராமல் பார்ப்பதுதான் நோக்கம். டைல்ஸ் முடிவதற்கு முன் கம்பியை ஓட்டிவிட்டால் வேலை சுலபம். வேலியின் பேனல்கள் பெயிண்ட் பூச்சோடு வரும், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பிடியுங்கள், இல்லையென்றால் இணைத்தும் இணைக்காத மாதிரிதான்.

---

நீர்க்காவல்:

நான்காவது கேள்விக்கு வருகிறேன், அதுதான் எனக்குக் கவலை தந்தது.

குமிழ் ஷீட் மூடி அல்ல. அது தண்ணீரின் சூட்டைக் காப்பதற்கு. குழந்தை அதன்மேல் கால் வைத்தால் ஷீட் உள்ளே மடங்கும், குழந்தை கீழே போனதும் மேலே மறுபடி மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் குளம் அமைதியாகத் தெரியும். மூடாத குளத்தைவிட இது மோசம், ஏனென்றால் தேடி வருபவருக்குக் குழந்தை கண்ணில் படாது.

பாதுகாப்பு மூடி என்று சொல்லத் தகுந்தது ஏஎஸ்டிஎம் எஃப்1346 என்ற அமெரிக்கத் தரத்தில் வருவது. இரண்டு பெரியவரும் ஒரு குழந்தையும் ஏறி நின்றாலும், ஏறக்குறைய 220 கிலோ, தாங்க வேண்டும், மேலே தேங்கும் மழைநீரும் வடிய வேண்டும். சில செ.மீ. நீர் தேங்கிய மூடியே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. நல்ல மூடிதான், ஆனால் குளித்து முடித்து ஒவ்வொரு முறையும் மூட வேண்டும். வேலிக்குத் துணையாக வையுங்கள், வேலிக்குப் பதிலாக அல்ல.

"தள்ளிப்போடலாமா" என்பதற்கு: வேலி முடிந்து கேட் சோதனை தேறிய பிறகுதான் தண்ணீர். டைல்ஸ் வேலை நடக்கும் இந்த நாட்களிலும் மழை பெய்தால் ஆழப் பகுதியில் நீர் தேங்கும். ஆஸ்திரேலியச் சட்டம் நீந்தவோ நீரில் விளையாடவோ கட்டி, 30 செ.மீ. ஆழத்துக்கு மேல் நீர் கொள்ளும் எதையும் நீச்சல் குளம் என்றே எண்ணுகிறது. எனவே இப்போதே, இன்றைக்கே, வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தற்காலிகத் தடுப்பு நிறுத்துங்கள். கட்டடத் தளங்களில் வைக்கும் 1.8 மீ. கம்பி பேனல் வாடகைக்குக் கிடைக்கும். அதன் கால்களைக் கிளாம்ப் போட்டு ஒன்றோடொன்று இணையுங்கள், கயிற்றால் கட்டாதீர்கள். வேலையாட்கள் போகும்போது மூடியதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மாலையில் நீர் தேங்கியிருந்தால் இறைத்துவிடுங்கள்.

அதோடு குளத்தின் அடி வடிகாலையும் பாருங்கள், வேலிக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இப்போதுதான் திருத்த முடியும். ஒரே ஒரு வடிகால் நேரே மோட்டாருக்குப் போகக்கூடாது. குறைந்தது 90 செ.மீ. இடைவெளியில் இரண்டு, உறிஞ்சலில் உடல் ஒட்டாத குவிந்த மூடியோடு. அமெரிக்காவில் 2007-இல் வந்த வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் இதற்காகத்தான்.

---

குளத்தங்கரை:

எல்லோருக்கும் நன்றி. தற்காலிகப் பேனல் நாளைக் காலை வருகிறது. திருத்திய திட்டம்: 11 × 7 மீ. நான்கு பக்கமும் நெடுக்குக் கம்பி வேலி, 1.35 மீ. உயரம். பூப்பாத்தி இடிக்கிறோம். 36 ÷ 2.4 = 15 பேனல், 15 தூண், ஒரு கேட் என்று பட்டறையில் சொல்லலாமா? கேட்டை நீளப் பக்கத்தில், வீட்டை ஒட்டிய இடது மூலையிலிருந்து 40 செ.மீ. தள்ளி வைக்கிறோம். அந்த மூலைக்கு நேரே வீட்டுச் சுவரோரமாக ஷூ ஸ்டாண்டு ஒன்று வரும்.

---

இரும்புப்பட்டறை:

பேனல் 15 சரி, ஆனால் நீங்கள் நினைத்த கணக்கில் அல்ல. தூண் தப்பு. மூலைகள் குறுக்கே வருவதால் பக்கம் பக்கமாகப் போட வேண்டும்.

7 மீ. பக்கம் ஒவ்வொன்றுக்கும் 2 முழுப் பேனல், 2.2 மீ.க்கு வெட்டிய ஒன்று. கேட் இல்லாத 11 மீ. பக்கத்துக்கு 4 முழுப் பேனல், 1.4 மீ. வெட்டிய ஒன்று. கேட் உள்ள பக்கத்துக்கு 4 முழுப் பேனல், 40 செ.மீ. துண்டு, 1 மீ. கேட். முழுப் பேனல் 12. வெட்டுவதற்கு 3, ஏனென்றால் 1.4 மீ.-உம் 40 செ.மீ.-உம் ஒரே பேனலில் கிடைக்கும். தூண் 17, அதில் 2 கேட் தூண். கான்கிரீட் 15 × 30 + 2 × 53, ஏறக்குறைய 560 லிட்டர். தூண் பருமனைக் கழிக்காத கணக்கு இது, வெட்டும் முன் தூண்களை நட்டு நேரில் அளந்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தில் கடைசிக் கம்பிக்கும் தூணுக்கும் நடுவே 100-ஐத் தாண்டினால், அங்கே ஒரு கம்பி கூடுதலாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

---

ரசமட்டம்:

ஷூ ஸ்டாண்டு எவ்வளவு அகலம்? நடைபாதை 1.5 மீ. வேலியிலிருந்து 90 செ.மீ. காலியாக இருக்க வேண்டும், சுவரோரம் 60 செ.மீ.தான் மிஞ்சுகிறது. 35 செ.மீ. ஸ்டாண்டு என்றால் சுவரில் திருகிப் பொருத்துங்கள், நகர முடியாதபடி. பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி எதுவும் அந்த நடைபாதையில் வேண்டாம். 5 வயதுக் குழந்தையால் அதை வேலிவரை இழுத்துக்கொண்டு வந்து தாழ்ப்பாளை எட்ட முடியும், தம்பிக்குத் திறந்தும் விட முடியும். இந்த அளவுகள் எல்லாம் 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மனதில் வைத்து எழுதியவை. பெரியவன் அதைத் தாண்டிவிட்டான். அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

கேட்டைச் செங்கல் வைத்து முட்டுக்கொடுத்து நிறுத்தாதீர்கள், விருந்து நாளிலும். குளித்து முடித்ததும் பொம்மை, பந்து, மிதவை எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை அந்த மூன்று நிலைச் சோதனை, கீல் ஸ்க்ரூ இறுக்கம், அடி இடைவெளி, வேலியோரம் புதிதாக என்ன வந்து நிற்கிறது என்று ஒரு சுற்று. மழைக்காலம் முடிந்ததும் தூண்களைத் தூக்கு பாருங்கள்.

கேட் மாட்டியதும் தாழ்ப்பாளுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து இங்கே போடுங்கள், கீல் விறைப்பு எத்தனை படி என்று பார்த்துச் சொல்கிறேன்.